கடலுக்கென்று ஒரு சட்டம் எப்போது?

2025 ஜனவரியில் சென்னையை ஒட்டிய கரைகளில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கத் தொடங்கின. நீலாங்கரை, பெசன்ட் நகர், கோவளம் என்று நாளுக்கொரு கணக்கு வந்துகொண்டிருந்தது. சில வாரங்களில் அது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. முட்டையிடக் கரை தேடி வரும் பருவத்தில் நேர்ந்த சாவுகள் அவை. பல உடல்களில் கண்கள் பிதுங்கியிருந்தன, கழுத்து வீங்கியிருந்தது. ஆமைக்கு இருப்பது நுரையீரல். மேலே வந்து மூச்சு வாங்கியாக வேண்டும். இழுவை மடிக்குள் அகப்பட்டு, மடியை ஏற்றும்வரை தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து விசாரணையில் இறங்கியது.

இந்த ஆமை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. புலிக்கும் யானைக்கும் என்ன பாதுகாப்போ அதுவே இதற்கும். கொன்றவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. இத்தனை கடுமையான சட்டம் கையில் இருந்தும் ஆயிரம் சாவுகளில் எதையும் அது தடுக்கவில்லை. அதிகாரிகளின் அலட்சியத்தை மட்டும் குறை சொல்லி இதைக் கடந்துபோக எனக்கு மனமில்லை. அந்தச் சட்டம் நிலத்துக்காக எழுதப்பட்டது. அதைத் தூக்கிக் கடலில் போட்டிருக்கிறோம்.

1972-ல் அது இயற்றப்பட்டபோது எழுதியவர்களின் கண்முன் இருந்தது காடு. வேட்டைக்காரன், துப்பாக்கி, கண்ணி, தோல், தந்தம். அதன் சொற்களெல்லாம் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. கடலில் யாரும் ஆமையைக் குறிவைத்து மடி இறக்குவதில்லை. இறாலுக்குப் போட்ட மடியில் ஆமை வந்து விழுகிறது. வஞ்சிரத்துக்குப் போட்ட வலையில் கடல் பசு சிக்குகிறது. இப்படி வேண்டாமலே வந்து மாட்டும் உயிர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் தனியாக ஒரு விதி கிடையாது. கடலில் நிகழும் சாவுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். கரையில் கிடக்கும் உடலை வைத்து எந்தப் படகின் மடியில் இது மூழ்கியது என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கவும் முடியாது. அந்தச் சட்டத்தின் அதிகாரம் வனத் துறையிடம் இருக்கிறது. படகின் பதிவும், உரிமமும், மடியின் கண்ணளவும், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொழில் செய்யலாம் என்பதும் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்வளத் துறையிடம் இருக்கின்றன. ஆமை ஒரு துறைக்கு, ஆமையைக் கொன்ற மடி இன்னொரு துறைக்கு.

மடியில் பொருத்தும் தப்பிப்புச் சட்டகம் ஒன்று இருக்கிறது. சாய்வான கம்பிச் சட்டம். இறால் அதனூடே உள்ளே போகும், ஆமை அதில் மோதி மேலேயுள்ள திறப்பு வழியாக வெளியேறிவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கு ஏற்றபடி இதை வடிவமைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் இதைப் பொருத்திக்கொண்டு போகும் படகைக் காண்பது அரிது. ஆமை தப்பும் வழியில் மீனும் கொஞ்சம் தப்பிவிடும் என்பது படகு உரிமையாளர்களின் அச்சம். இப்படிப்பட்ட சட்டகம் இல்லாமல் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா சொன்னபோது, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்தோடு சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் வழக்காடிய நாடு இந்தியா. அந்த வழக்கில் 1998-ல் நமக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது; அமெரிக்கா தன் விதியை எல்லா நாடுகளுக்கும் ஒரேபோல் நடைமுறைப்படுத்தவில்லை என்பதே அதற்குக் காரணம். ஆமையைக் காப்பதற்காக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற கொள்கையை மேல்முறையீட்டு அமைப்பு ஏற்றுக்கொண்டது. 2019-லிருந்து இந்தியக் கடலில் பிடித்த இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக்கிடக்கிறது. அதன் பிறகுதான் தில்லியில் இந்தச் சட்டகத்தைப் பற்றிய பேச்சு சூடுபிடித்தது. நம் கடலின் உயிரைக் காக்க அயல்நாட்டுச் சந்தை நம்மை நெருக்க வேண்டியிருந்தது என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பட்டியலில் பெயர் சேர்ப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே ஆண்டில், 2001-ல், பட்டியலில் சேர்ந்த இரண்டு உயிர்களின் கதையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஒன்று திமிங்கிலச் சுறா. குஜராத்தின் வேராவல் கரையில் ஈரல் எண்ணெய்க்காகவும் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் அதைக் குத்திக் கொன்றுகொண்டிருந்தார்கள். மைக் பாண்டே எடுத்த ஆவணப்படம் அதை உலகுக்குக் காட்டியது. அரசு அதை முதல் பட்டியலில் சேர்த்தது. சில ஆண்டுகள் கழித்து அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. கதாகாலட்சேபம் செய்யும் முராரி பாபு மீனவர்களிடம் போய், இந்தச் சுறா பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகள் என்றார். அந்தச் சொல் அந்த மக்கள் மனதில் தைத்தது. ஆனால் சொல்லோடு விட்டிருந்தால் இயக்கம் நிலைத்திருக்காது. சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுக்கும் மீனவருக்கு நட்டத்தை ஈடுகட்ட குஜராத் வனத் துறை முன்வந்தது. அதிகாரி வந்து பார்க்கும்வரை உயிருக்குப் போராடும் சுறாவைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்பதால், மீனவர்களே படம் எடுத்து அனுப்பினால் போதும் என்று விதியைத் தளர்த்தினார்கள். நூற்றுக்கணக்கான சுறாக்கள் கடலுக்குத் திரும்பின. முன்பு குத்தியவர்களே விடுவித்தவர்கள்.

இன்னொன்று கடல் அட்டை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் முத்தும் சங்கும் குளித்த குடும்பங்கள் பல அட்டை எடுத்துப் பிழைத்துவந்தன. அளவுக்கு மீறி எடுக்கப்பட்டது உண்மை, கட்டுப்பாடும் தேவைப்பட்டது. 2001-ல் எல்லா வகை அட்டைகளையும் ஒட்டுமொத்தமாகத் தடை செய்தார்கள். எந்த வகை எவ்வளவு குறைந்திருக்கிறது, எந்தப் பருவத்தில் எடுக்கலாம், குளிப்பவர்களுக்கு மாற்று வேலை என்ன என்ற கேள்விகளுக்கு அந்தத் தடையில் இடமே இல்லை. வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிப்பகத்தில் வளர்க்கலாம் என்பதை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1988-லேயே செய்து காட்டியிருந்தது. எதிர்க்கரையில், இலங்கையில், அட்டை எடுப்பது உரிமத்தோடு நடக்கும் தொழில், பண்ணைகளும் இருக்கின்றன. ஒரே நீரிணையின் ஒரு கரையில் குற்றம், மறுகரையில் தொழில். இராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் அட்டை மூட்டைகள் பிடிபட்ட செய்தி இன்றும் நாளிதழ்களில் வந்தபடி இருக்கிறது. கடத்தல்காரருக்கு இலாபம், குளித்தவருக்குச் சிறை, அட்டைக்குப் பாதுகாப்பில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தடையை யாரும் திரும்பிப் பார்க்காததை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர்களுக்கு அடுத்தபடி நம் சட்டம் நம்புவது கோடுகளை. தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை மடி போடக் கூடாது. அது நாட்டுப்படகுகளின் பாடு. 12 கடல் மைல் வரை மாநிலத்தின் அதிகாரம். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணைப்படி அதற்கு அப்பால் மீன்பிடிப்பு ஒன்றிய அரசுக்குரியது. 200 கடல் மைல் வரை விரியும் அந்தப் பரப்பு, ஏறக்குறைய 20 இலட்சம் சதுர கிலோமீட்டர். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல். அந்த எல்லையை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1981-ல் வெளிநாட்டுப் படகுகளைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் வந்தது. அங்கே தொழில் செய்யும் இந்தியப் படகுக்கு விதி? 2025 நவம்பரில்தான் ஒன்றிய அரசு அதற்கான விதிகளை அறிவித்தது. நுழைவு அனுமதி, விளக்கொளி மீன்பிடிக்கும் இரட்டை மடிக்கும் தடை என்று அதில் நல்லவை உண்டு. ஆனால் 1976-லிருந்து அதற்குள் ஐம்பது ஆண்டுகளுக்கு ஓர் ஆண்டுதான் குறை. வந்ததும் விதிகளாகத்தான் வந்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டமாக வரவில்லை.

இந்தக் கோடு என்ன செய்யும் என்பதற்குச் சுருக்குமடி வழக்கு சான்று. தமிழ்நாடு அரசு சுருக்குமடியைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால உத்தரவில், 12 கடல் மைலுக்கு அப்பால் திங்களும் வியாழனும் காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை சுருக்குமடி போடலாம் என்றது. மாநிலத்தின் அதிகாரம் எங்கே முடிகிறதோ அங்கிருந்து உத்தரவு தொடங்கியது. சட்டப்படி அதில் பிழை காண முடியாது. ஆனால் மத்திக் கூட்டத்துக்குப் பன்னிரண்டாவது மைலில் எந்தச் சுவரும் இல்லை. அப்பால் ஒரே வளைப்பில் கூட்டத்தையே அள்ளினால், மறுநாள் இப்பால் நாட்டுப்படகின் வலை வெறுமையாக ஏறுகிறது.

மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள், 560 சதுர கிலோமீட்டர், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா ஆனது. 1989-ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். பாடப்புத்தகங்களில் பெருமையோடு இடம்பெறுவது இந்தப் பெரிய எண்தான். உயிர்க்கோளக் காப்பகம் என்பதற்கு இந்தியச் சட்டம் எதிலும் இடமில்லை என்பது பலருக்குத் தெரியாது. அது ஓர் அரசுத் திட்டத்தின் பெயர். அந்தப் பெயரைக் காட்டி ஒரு மடியைக்கூட நிறுத்த முடியாது. சட்டம் காப்பது அந்த 560-ஐ. அதற்குள்ளேயே, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்து எடுத்து, விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்கடியில் போய்விட்டன. வான் தீவு கரைந்துகொண்டே வந்து, இப்போது செயற்கைப் பவளத் திட்டுகளைப் போட்டு அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் பூங்காவின் மக்கள் பக்கம் ஒன்று உண்டு. பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்தவர்கள். பூங்கா வந்ததும், தாயும் பாட்டியும் செய்த அதே வேலைக்காக அவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். ஓடி ஒளிந்து பாசி எடுத்தவர்கள் பிறகு தங்களுக்குள் கூடிப் பேசினார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பவளத்தைச் சுரண்டும் இரும்புக் கருவிகளைத் தொடாமல் கையால் மட்டும் எடுப்பது என்று முடிவு செய்து அப்படியே நடந்தார்கள். அவர்களுக்காகப் பேசிய பெண்ணுக்கு 2015-ல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. எந்த அறிவியல் குழுவும் சொல்வதற்கு முன்பே, கடலோடு வாழ்ந்தவர்கள் தாங்களாக எழுதிக்கொண்ட ஒழுங்குமுறை அது. நம் சட்டத்தில் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. காட்டில் வாழ்பவர்களின் உரிமையை ஏற்க 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. கடலில் வாழ்பவர்களுக்கு அதற்கு இணையான ஒன்று இன்றுவரை வரவில்லை.

வன உயிரினச் சட்டத்தில் 1991-ல் சேர்த்த 26-ஏ பிரிவில் ஓர் அருமையான வரி இருக்கிறது. கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது கடற்படையின் தலைமை நீர்வரைவியலாளரைக் கலந்து எல்லையை வகுக்க வேண்டும், உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே வகுக்க வேண்டும் என்கிறது அது. அந்தப் பிற்பகுதியைத்தான் மறந்துபோகிறார்கள்.

கரையின் நிலையும் இதேதான். 1981-ல் இந்திரா காந்தி கடலோர மாநில முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதத்தில், உயர் ஓதத்திலிருந்து 500 மீட்டருக்குக் கட்டுமானம் வேண்டாம் என்றார். பத்தாண்டு கழித்து 1991-ல் அது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆயிற்று. அறிவிக்கை என்பதால் அதைத் திருத்த நாடாளுமன்றம் தேவையில்லை. அமைச்சகத்தின் ஓர் அரசிதழ் போதும். 1991-க்குப் பிறகு நடந்த திருத்தங்கள் பெரும்பாலும் அதைத் தளர்த்தியவை. 2011-ல் புதிதாக எழுதினார்கள். 2019-ல் மறுபடி எழுதியபோது, மக்கள் நெருக்கமாக வாழும் ஊரகக் கரைகளில் கட்டுமானம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. கடல் அரிப்பு கூடிக்கொண்டே போகும் காலத்தில் எடுத்த முடிவு இது.

இதில் எனக்கு ஆறாத வருத்தம் தருவது இறால் பண்ணை வழக்கு. கீழத்தஞ்சையில் நெல்வயலும் குடிநீரும் உப்பாகிப் போனதை எதிர்த்து, காந்தியத் தம்பதியர் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் ஊர் ஊராக மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இறால் பண்ணை கூடாது, இருப்பவற்றை அகற்றுங்கள் என்று தீர்ப்பளித்தது. நாட்டின் சுற்றுச்சூழல் வழக்குகளில் அது ஒரு மைல்கல். 2005-ல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 1991 அறிவிக்கையின் தடை இறால் பண்ணைக்குப் பொருந்தாது, தொடக்கத்திலிருந்தே பொருந்தியதில்லை என்று முன்தேதியிட்டு அதில் எழுதினார்கள். முதியவர்கள் இருவர் பல ஆண்டுகள் நடந்து பெற்ற தீர்ப்பு, ஒரே பிரிவில் செயலற்றுப்போனது.

சரணாலயமும் நிலையானது இல்லை என்பதைப் பெரிய நிக்கோபார் காட்டியது. வட இந்தியப் பெருங்கடலில் ஏழுவரி ஆமைகள் முட்டையிடும் முதன்மையான கரைகளில் ஒன்று அங்குள்ள கலத்தியா விரிகுடா. துறைமுகத்துக்காக 2021 ஜனவரியில் அந்தச் சரணாலயத்தின் அறிவிக்கையை விலக்கிக்கொண்டார்கள். உலகிலேயே பெரிய கடலாமை வரும் கரைக்கு இருந்த காப்பு ஒரு குழுவின் கூட்டத்தில் முடிந்தது.

வேறு வழி உண்டா? ஆஸ்திரேலியா தன் பெரும் பவளத்திட்டுக்கென்று 1975-லேயே தனிச் சட்டமும் தனி ஆணையமும் கண்டது. 3,44,400 சதுர கிலோமீட்டர் கடலை மண்டலங்களாகப் பிரித்து, எங்கே என்ன செய்யலாம் என்பதை வரைபடத்தில் வண்ணமிட்டுக் காட்டியது. 2004-ல் அந்த வரைபடத்தை மறுபடி வகுத்தபோது, எதையும் எடுக்கக் கூடாத பகுதியை 5 விழுக்காட்டுக்கும் கீழிருந்து 33 விழுக்காட்டுக்கு உயர்த்தினார்கள். எதிர்ப்பு இருந்தது, இழப்பீடும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் கப்பலுக்கும் மீன்பிடிக்கும் சுற்றுலாவுக்கும் ஒரே வரைபடம், ஒரே ஆணையம். அவர்களின் கரையில் நம்மைப் போல் இலட்சக்கணக்கான சிறுதொழில் மீனவர்கள் இல்லை. அப்படியே பெயர்த்துக்கொண்டுவர முடியாது. நீர்ப்பரப்பையே சட்டத்தின் பொருளாக்கலாம் என்பதை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடமே ஒரு தொடக்கம் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்த உயிர், இந்தியக் கடலில் சில நூறுதான் மிஞ்சியிருக்கிறது. கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் ஒரு கன்று ஈனும். புல்வெளி இருந்தால்தான் ஆவுளியா இருக்கும், அந்தப் புல்வெளிதான் நண்டுக்கும் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் வளர்ப்பிடம். ஆகவே ஆவுளியாவின் இடமும் நாட்டுப்படகின் பாடும் ஒன்றே. வலையில் சிக்கியதைத் திரும்பக் கடலில் விட்ட மீனவர்களைப் பாராட்டி ஊக்கத்தொகை கொடுக்கும் வழக்கமும் இங்கே வந்திருக்கிறது. முன்பெல்லாம் வழக்குக்குப் பயந்து யாரிடமும் சொல்லாமல் விட்டவர்கள் இப்போது அவர்களாகவே தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். எல்லைக்கோட்டுக்கு அப்பால் இலங்கை 2017-லேயே இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. இப்பால் இழுவை மடி புல்வெளியை உழுதுகொண்டிருக்கும்வரை பாதுகாப்பகத்தின் எல்லைக்கு முழுப் பொருள் கிடைக்காது.

இந்தப் பாதுகாப்பகத்தின் சட்ட அடிப்படை வன உயிரினச் சட்டத்தின் 36-ஏ பிரிவு. உள்ளூர் மக்களைக் கலந்துதான் அறிவிக்க வேண்டும் என்கிறது அது; கடற்பரப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அடுத்த பிரிவான 36-பி, நிர்வாகக் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்று சொல்கிறது: வனத் துறையின் பிரதிநிதி, ஊராட்சிகளுக்குத் தலா ஒருவர், தன்னார்வ அமைப்புகளிலிருந்து மூவர், வேளாண் துறையிலிருந்து ஒருவர், கால்நடைத் துறையிலிருந்து ஒருவர். மீன்வளத் துறை அந்த வரிசையில் இல்லை. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ, மீனவ ஊர்களின் மரபுவழிப் பஞ்சாயத்தோ, விசைப்படகுச் சங்கமோ, பாசி எடுக்கும் பெண்களோ இல்லை. அந்தக் குழுவுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு ஆலோசனை சொல்லும் வேலை மட்டுமே உண்டு.

ஆகவே நான் கேட்பது இரண்டு. நாடாளுமன்றம் கடலுக்கென்று ஒரு சட்டம் இயற்ற வேண்டும். கரையோரத்திலிருந்து 200 கடல் மைல் வரை ஒரே வரைபடம். அந்த வரைபடத்துக்கு மீன்வளமும் வனமும் துறைமுகமும் சுரங்கமும் கட்டுப்பட வேண்டும். பரம்பரைத் தொழில் உரிமை அதில் பதிவாக வேண்டும். வேண்டாமல் சிக்கும் உயிருக்கு மடியின் வடிவத்திலேயே தீர்வும், அதை மாற்றும் செலவில் அரசின் பங்கும் இருக்க வேண்டும். ஒரு முறை காப்பிடமாக அறிவித்த கடலை நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி விலக்க முடியாமல் இருக்க வேண்டும். 2023-ல் கடலடி கனிமச் சட்டத்தைத் திருத்தி, 2024 நவம்பரில் 13 கடற்பகுதிகளை ஏலத்துக்கு விட்ட அரசுக்கு இது பெரிய வேலை இல்லை.

அதற்கு நாள் பிடிக்கலாம். இரண்டாவது கோரிக்கைக்கு நாள் பிடிக்காது. 36-பி பிரிவில் கடற்பகுதிப் பாதுகாப்பகங்களுக்கென்று ஓர் உட்பிரிவைச் சேர்த்து, மீன்வளத் துறைக்கும் மீனவர்களுக்கும் பாசி எடுக்கும் பெண்களுக்கும் இடமும் வாக்கும் கொடுக்க வேண்டும். திருத்தம் வரும்வரை தமிழ்நாடு அரசு காத்திருக்க வேண்டியதில்லை. அவர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாக உட்காரவைத்து, கடற்புல்வெளிக்கு மேல் எந்த மாதத்தில் எந்த வலை போடலாம் என்பதை அவர்கள் வாயால் சொல்லவைத்து, அந்த முடிவை 1983 சட்டத்தின்கீழ் மீன்வளத் துறையின் ஆணையாக வெளியிட முடியும். அதற்குத் தேவையான அதிகாரம் முழுவதும் சென்னையில்தான் இருக்கிறது.

- கட்டுரையாளர், கடல், கடற்கரைச் சட்டங்களில் பணியாற்றும் வழக்குரைஞர்.